குத்தகை வண்டியைத் திருப்பிக் கொடுக்கும்போது: தேய்மானம் யார் கணக்கு? சேதம் யார் கணக்கு?



நம் குழுக்களில் சில, வாடகைப் பாத்திரம் வைத்து நடத்துகின்றன. அண்டா, குண்டான், கரண்டி, ஜமுக்காளம் எல்லாம் விசேஷ வீடுகளுக்குப் போய்த் திரும்பி வரும். வந்ததும் நாம் எதைப் பார்க்கிறோம்? எண்ணிக்கை சரியா இருக்கா, ஒடுக்கு விழுந்திருக்கா, ஓட்டை இருக்கா என்று பார்க்கிறோம். அண்டா அடியில் கரி பிடித்திருக்கிறது என்று சொல்லி யாரிடமும் காசு வாங்குவதில்லை. அடுப்பில் ஏற்றிய அண்டா கரி பிடிக்கத்தானே செய்யும்! அதற்குத்தான் வாடகையே வாங்குகிறோம். கரண்டி இரண்டு குறைந்தால் மட்டும், "ரெண்டு கரண்டி காணோமே அக்கா, அதுக்குண்டானதைக் கொடுத்துடுங்க" என்று கேட்கிறோம். அதை யாரும் தவறாக எடுத்துக்கொள்வதும் இல்லை.

குத்தகைக்கு எடுத்த வண்டியிலும் இதே நியாயம்தான். ஓடினதால் தேய்ந்தது வாடகையில் சேர்ந்தது. நம் கவனக்குறைவால் உடைந்ததும் தொலைந்ததும் நம் கணக்கு. ஆனால் பாத்திரத்தில் இவ்வளவு தெளிவாகப் பேசுகிற நாம், வண்டி என்று வந்ததும் வாயடைத்துப் போகிறோம். பில் ஆங்கிலத்தில் இருக்கிறது, தொகை பெரிதாக இருக்கிறது, எதிரில் இருப்பவர் மெக்கானிக் பாஷையில் பேசுகிறார். கொடுத்த அட்வான்சைத் திரும்ப வாங்கப் போன சகோதரி, மேற்கொண்டு பணம் கட்டச் சொல்லும் பில்லோடு வீடு திரும்பியதைக் களப்பணியில் நாம் பார்த்திருக்கிறோம். அதனால்தான் இந்த இதழில் இதைக் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறோம்.

கடன் வண்டி வேறு, குத்தகை வண்டி வேறு

முதலில் இதைப் பிரித்துக்கொள்வோம். கடனில் எடுத்த வண்டி, தவணை முடிந்ததும் நம்முடையது. டயர் தேய்ந்தாலும் கதவு நசுங்கினாலும் நம் வண்டி, நம் பாடு. குத்தகை அப்படி இல்லை. மாதாமாதம் வாடகை கட்டி ஓட்டுகிறோம். இரண்டு வருஷமோ மூன்று வருஷமோ, பேசிய காலம் முடிந்ததும் வண்டியை உடையவரிடம் ஒப்படைக்கிறோம். கொடுத்த அட்வான்ஸ் அன்றைக்குத்தான் திரும்ப வர வேண்டும். சண்டை வருவதும் அன்றைக்குத்தான்.

நம் உறுப்பினர்கள் ஓட்டுகிற குத்தகை வண்டிகள் இரண்டு வழியில் வருகின்றன. லோடு ஆட்டோ, குட்டி யானை, பேட்டரி ஆட்டோ போன்றவற்றை ஒரு கம்பெனியிடமோ தனியாரிடமோ எடுப்பது ஒரு வழி. சொந்தக் கூட்டமைப்பிடமே எடுப்பது இன்னொரு வழி. 2017-ல் தொடங்கப்பட்ட ஆஜீவிகா கிராமீன் எக்ஸ்பிரஸ் திட்டத்தில் இதற்கு இடம் வைத்திருந்தார்கள். சமுதாய முதலீட்டு நிதியிலிருந்து உறுப்பினருக்கு வட்டியில்லாக் கடனாக 6.50 லட்சம் ரூபாய் வரை கொடுத்து வண்டி வாங்க வைக்கலாம். அல்லது கூட்டமைப்பே வண்டியை வாங்கி, உறுப்பினருக்குக் குத்தகைக்கு விட்டு வாடகை வாங்கலாம். ஆக, சில இடங்களில் வண்டியைத் திருப்பிக் கொடுப்பவரும் நாம்தான், வாங்கிக்கொள்பவரும் நாம்தான். இதை மறக்காமல் மேலே படியுங்கள்.

தேய்மானத்துக்கு ஏற்கெனவே காசு கட்டிவிட்டோம்

வாடகையை எப்படிப் போடுகிறார்கள் என்று ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். (தொகைகள் விளங்குவதற்காக நாம் போட்டவை. உங்கள் ஊர் விலையைப் போட்டுப் பாருங்கள்.)

ஒரு லோடு வண்டியின் விலை 5,00,000 ரூபாய். மூன்று வருஷம் ஓடிய பிறகு சந்தையில் 2,75,000 ரூபாய்க்குப் போகும் என்று வையுங்கள். குறைந்தது 2,25,000. இந்தக் குறைவு எங்கிருந்து வந்தது? டயர் தேய்ந்தது, இன்ஜின் ஓடியது, பெயிண்ட் மங்கியது, மாடல் பழசானது, எல்லாம் சேர்ந்துதான். உடையவர் இதைக் கையிலிருந்து போடுவாரா? மாட்டார். 36 மாதத்துக்குப் பிரித்து, மாதம் 6,250 ரூபாய் என்று வாடகைக்குள்ளேயே வைத்துவிடுவார். அதற்கு மேல் இன்சூரன்ஸ், வரி, போட்ட முதலுக்கு வட்டி, அவருடைய லாபம். மாத வாடகை 9,000 ரூபாய் என்றால், அதில் பெரும்பங்கு தேய்மானத்துக்குத்தான் போகிறது.

அப்படியிருக்க, கடைசி நாளில் "டயர் தேஞ்சிருக்கு, கிளட்ச் தேஞ்சிருக்கு" என்று திரும்பவும் காசு கேட்டால் ஒரே பொருளுக்கு இரண்டு முறை விலை கொடுத்ததாகிறது. வாடகை ஏன் 9,000 என்று பேச்சுவார்த்தையின்போதே கேட்டு வையுங்கள். "தேய்மானம் எல்லாம் சேர்த்துத்தான்மா" என்று அவர்களே சொல்வார்கள். அதை எழுதி வாங்கிக்கொள்வது நம் வேலை.

எது தேய்மானம், எது சேதம்?

எந்த வேலைக்கு வண்டி கொடுத்தார்களோ, அந்த வேலையை ஒழுங்காகச் செய்யும்போது தானாக வருவது தேய்மானம். மோதல், கவனக்குறைவு, முறைகேடான உபயோகம், பராமரிக்காமல் விட்டது இவற்றால் வருவது சேதம். சொல்வதற்குச் சுலபம். வண்டியைச் சுற்றி வந்து பார்க்கும்போதுதான் சிக்கல்.

டயரில் பட்டன் தேய்வது தேய்மானம். கல்லிலோ கம்பியிலோ பட்டு டயரின் பக்கவாட்டில் கிழிந்திருந்தால் அது சேதம். டயர் எவ்வளவு தேயலாம் என்பதற்கும் அளவு இருக்கிறது. மோட்டார் வாகன விதிப்படி பட்டன் ஆழம் நான்கு சக்கர வண்டிக்கு 1.6 மில்லிமீட்டருக்கும், இரண்டு, மூன்று சக்கர வண்டிகளுக்கு 0.8 மில்லிமீட்டருக்கும் குறையக் கூடாது. பட்டன் இடுக்கில் சின்ன மேடு ஒன்று இருக்கும். அது எங்கே இருக்கிறது என்று காட்ட டயர் ஓரத்தில் முக்கோணக் குறி போட்டிருப்பார்கள். பட்டன் அந்த மேடு மட்டத்துக்கு வந்துவிட்டால் டயரை மாற்ற வேண்டும். மொட்டை டயரோடு வண்டியை ஒப்படைத்தால் நம் பக்கம் நியாயம் பேசுவது கஷ்டம். குத்தகைக் காலத்துக்கு நடுவில் டயர் மாற்றும் செலவு யாருடையது என்பதை முதலிலேயே பேசிவிட வேண்டும்.

கிளட்ச் பிளேட், பிரேக் ஷூ, பெல்ட், வைப்பர் ரப்பர் எல்லாம் தேய்வதற்கென்றே செய்யப்பட்டவை. அவற்றுக்கு ஆயுள் முடிந்தால் அது தேய்மானம்தான். ஆனால் "கிளட்ச்சுல கால வெச்சுக்கிட்டே ஓட்டியிருக்காங்க" என்று எதிர்த்தரப்பு சொல்லும். அப்போது வண்டி எத்தனை கிலோமீட்டர் ஓடியிருக்கிறது என்று பாருங்கள். நிறைய ஓடிய பிறகு போன கிளட்சுக்கும், சில மாதத்திலேயே போன கிளட்சுக்கும் வித்தியாசம் உண்டு.

லோடு வண்டியின் தொட்டியில்தான் அதிக வாக்குவாதம். தக்காளிப் பெட்டி, பால் கேன், சிமென்ட் மூட்டை ஏற்றி இறக்கும் வண்டியில் தொட்டித் தளம் கீறாமல் எப்படி இருக்கும்? லோடு வண்டியை லோடு ஏற்றத்தானே கொடுத்தார்கள். தளத்தில் கீறல், பெயிண்ட் உரிந்தது, சின்னச் சின்ன ஒடுக்கு, இவை எங்கள் பார்வையில் தேய்மானமே. அதே சமயம் உர மூட்டையோ உப்போ ஏற்றிவிட்டுக் கழுவாமல் விட்டு, தகரம் அரித்து ஓட்டை விழுந்தால் அது நாம் பராமரிக்காததால் வந்தது. அனுமதித்த எடைக்கு மேல் ஏற்றி ஸ்பிரிங் பட்டை ஒடிந்தாலும் அப்படித்தான். ஓவர்லோடு விஷயத்தில் நாம் வாதாடப் போவதில்லை. அது வண்டிக்கும் கேடு, ஓட்டுகிற சகோதரியின் உயிருக்கும் கேடு.

மண் ரோடு, குண்டும் குழியும் பற்றிக் கேட்பீர்கள். கிராமத்து வேலைக்கு என்று தெரிந்தே கொடுத்த வண்டி கிராமத்து ரோட்டில்தான் ஓடும். அதனால் வரும் தேய்மானம் சாதாரணத் தேய்மானம். ஆனால் ஒப்பந்தத்தில் "நகர எல்லைக்குள் மட்டும்" என்று எழுதியிருந்தால் கதை மாறிவிடும். பேட்டரி ஆட்டோக்களில் இப்படி எழுதும் வழக்கம் இருந்தால் கவனியுங்கள்.

இன்ஜின் பழசாவது தேய்மானம். ஆயில் மாற்றாமல் ஓட்டி இன்ஜின் பிடித்துக்கொண்டால் சேதம். இதில் சாட்சி சர்வீஸ் பில் ஒன்றுதான். ஆகவே ஒவ்வொரு சர்வீஸ் பில்லையும் தேதி, கிலோமீட்டரோடு ஒரு கவரில் போட்டு வையுங்கள். தெரிந்த மெக்கானிக்கிடம் செய்தாலும் கையெழுத்துப் போட்ட துண்டுச்சீட்டாவது வாங்குங்கள். பேட்டரி வண்டியில், சார்ஜ் ஏற ஏறப் பேட்டரியின் சக்தி குறைவது இயற்கை. முதல் வருஷம் ஓடிய தூரம் மூன்றாம் வருஷம் ஓடாது. அது தேய்மானம். தண்ணீர் புகுந்தது, வேறு சார்ஜர் போட்டது, பேட்டரிப் பெட்டியைப் பிரித்தது எல்லாம் சேதம். வாரண்டி அட்டை யார் கையில் இருக்கிறது என்று கேட்டு, அதன் நகலை நாமும் வைத்துக்கொள்ள வேண்டும்.

வெளிப்பூச்சுக் கீறலுக்கு நம் ஊரில் எழுதி வைத்த அளவை நாம் எந்தக் குத்தகைப் பத்திரத்திலும் பார்த்ததில்லை. பிரிட்டனில் வாடகை வண்டிக் கம்பெனிகளின் சங்கமே இதற்கென்று ஒரு கையேடு வைத்திருக்கிறது. 25 மில்லிமீட்டருக்கு மேற்படாத மேலோட்டமான கீறலை, உள்ளே இருக்கும் பிரைமரோ தகரமோ தெரியாதவரை, தேய்மானம் என்றே ஒப்புக்கொள்கிறது. அந்த ஊர் விதி நம்மைக் கட்டுப்படுத்தாது. ஆனால் கம்பெனிக்காரர்களே ஒரு கீறலை இத்தனை அளவு என்று அளந்து எழுத முடிகிறதென்றால், நம் ஒப்பந்தத்திலும் இரண்டு வரி எழுதச் சொல்லிக் கேட்பதில் தவறில்லை. கட்டைவிரல் அகலம் என்று எழுதினாலும் போதும்.

ஒரு பில்லைப் பிரித்துப் பார்ப்போம்

மூன்று வருஷம் ஓடிய வண்டியைத் திருப்பிக் கொடுத்ததும் வந்த பில் என்று இதை வைத்துக்கொள்ளுங்கள். இதுவும் நாம் போட்ட உதாரணம்தான். கட்டிய அட்வான்ஸ் 30,000 ரூபாய்.

நான்கு புது டயர் 18,000. கிளட்ச், பிரேக் 6,500. பேட்டரி 4,500. இடது கதவு டிங்கரிங், பெயிண்டிங் 5,000. பின்பக்க லைட் 800. தொட்டிக்குப் பெயிண்ட் 7,000. ஜாக்கி காணவில்லை 1,200. மொத்தம் 43,000 ரூபாய். அட்வான்சைக் கழித்து இன்னும் 13,000 கட்டச் சொல்கிறார்கள்.

இப்போது வண்டியருகே நின்று ஒவ்வொன்றாகக் கேட்போம். டயர் மூன்றில் பட்டன் குறிக்கு மேலேயே இருக்கிறது. ஒன்றில் மட்டும் பக்கவாட்டுக் கிழிசல். அந்த ஒன்றுக்குத்தான் நாம் பொறுப்பு. அதுவும் பாதி தேய்ந்த டயர், ஆகவே 4,500-ல் பாதி, 2,250. கிளட்ச், பிரேக் தேய்மானம், நாம் தர வேண்டியதில்லை. பேட்டரி மூன்று வருஷம் உழைத்துவிட்டது, அதுவும் இல்லை. கதவை நாம்தான் தூணில் மோதினோம், 5,000 நம்முடையது. பின்பக்க லைட்டும் நாம் உடைத்ததே. பழைய பிளாஸ்டிக் என்பதால் பாதி, 400. தொட்டிப் பெயிண்ட் தேய்மானம். ஜாக்கி தொலைந்தது நம் பொறுப்பு, 1,200. கூட்டினால் 8,850 ரூபாய். அட்வான்சில் அதைக் கழித்தால் 21,150 ரூபாய் நமக்குத் திரும்ப வர வேண்டும். 13,000 கட்டுவதற்கும் 21,150 வாங்குவதற்கும் நடுவில் 34,150 ரூபாய் இருக்கிறது. ஒரு சகோதரி இதைச் சேர்க்க எத்தனை மாதம் ஆகும் என்று உங்களுக்கே தெரியும்.

"பழைய டயருக்குப் பாதி விலைதான்னு யார் சொன்னது?" என்று கேட்பார்கள். இதற்கு இன்சூரன்ஸ் பாலிசியே பதில் சொல்கிறது. சாதாரண ஃபுல் இன்சூரன்ஸ் பாலிசியில், விபத்துக்குப் பிறகு பார்ட்ஸ் மாற்றும்போது கம்பெனி முழு விலை கொடுப்பதில்லை. ரப்பர், பிளாஸ்டிக் பாகம், டயர், பேட்டரிக்கு 50 சதவீதம் கழித்துக்கொள்ளும். ஃபைபர் பாகத்துக்கு 30 சதவீதம். கண்ணாடிக்குக் கழிவு இல்லை. தகர, இரும்புப் பாகத்துக்கு வண்டியின் வயதைப் பார்த்துக் கழிக்கும். இரண்டு முதல் மூன்று வருஷ வண்டிக்கு 15 சதவீதம், மூன்று முதல் நான்கு வருஷத்துக்கு 25, நான்கு முதல் ஐந்துக்கு 35. பழைய பொருளை எடுத்துவிட்டுப் புதுப்பொருள் போட்டால் உடையவருக்கு லாபம் என்பதால்தான் இந்தக் கழிவு. இன்சூரன்ஸ் கம்பெனி நம்மிடம் காட்டுகிற இதே கணக்கை நாமும் வண்டி உடையவரிடம் காட்டலாம்.

பில்லில் இன்னொன்றும் பாருங்கள். வண்டி எஃப்.சி.க்குப் போகப் போகிறதா? புது சரக்கு வண்டிக்கு எட்டு வருஷம் வரை இரண்டு வருஷத்துக்கு ஒரு முறை எஃப்.சி. எடுக்க வேண்டும். அதற்குப் பிறகு வருஷா வருஷம். எஃப்.சி.க்கு முன்னால் எப்படியும் பெயிண்ட், பட்டி வேலை பார்ப்பார்கள். உடையவர் தன் எஃப்.சி. செலவை நம் தலையில் சேதம் என்று கட்டுகிறாரா என்று கேட்டுவிடுங்கள். தோராய எஸ்டிமேட்டை ஒத்துக்கொள்ளாமல், வேலை முடிந்த பிறகு வரும் ஒரிஜினல் பில்லைக் கேளுங்கள்.

கையெழுத்துப் போடும் அன்று

உண்மையில் கடைசி நாள் சண்டையின் முடிவு முதல் நாளே எழுதப்பட்டுவிடுகிறது. ஒப்பந்தம் ஆங்கிலத்தில் இருந்தால், யாரையாவது வைத்து வரிக்கு வரி தமிழில் படிக்கச் சொல்லிக் கேளுங்கள். அவசரப்படுத்தினால் நாளைக்கு வருகிறோம் என்று சொல்லி எழுந்து வாருங்கள். வெற்றுத்தாளிலோ நிரப்பாத படிவத்திலோ கையெழுத்து வேண்டவே வேண்டாம்.

"வண்டியை நல்ல நிலையில் திருப்பித் தர வேண்டும்" என்று மட்டும் இருந்தால், "நியாயமான தேய்மானம் நீங்கலாக" என்ற மூன்று வார்த்தையைச் சேர்க்கச் சொல்லுங்கள். "எல்லாப் பழுதுக்கும் குத்தகைக்கு எடுத்தவரே பொறுப்பு", "கம்பெனியின் மதிப்பீடே இறுதியானது" என்று இருந்தால் அந்த வரிகளை மாற்றச் சொல்லுங்கள். சேதத்தை இரண்டு தரப்பும் சேர்ந்து பார்ப்பது, ஒத்துப்போகாவிட்டால் பொதுவான மெக்கானிக் ஒருவரிடம் காட்டுவது, அட்வான்ஸ் எத்தனை நாளில் திரும்ப வரும் என்பது, இந்த மூன்றும் எழுத்தில் இருக்க வேண்டும்.

சட்டம் நம் பக்கம் ஓரளவு இருக்கிறது. 1872-ம் வருஷத்து இந்திய ஒப்பந்தச் சட்டம், ஒருவர் பொருளை இன்னொருவர் வாங்கிப் பயன்படுத்தித் திருப்பித் தருவது பற்றிப் பேசுகிறது. அறிவுள்ள ஒருவர் தன் சொந்தப் பொருளை எப்படிப் பார்த்துக்கொள்வாரோ, அந்த அளவு கவனமாக வைத்திருந்தால் போதும் என்கிறது 151-வது பிரிவு. அப்படிக் கவனித்தும் பொருள் பழுதானால் நாம் பொறுப்பில்லை என்கிறது 152. ஆனால் 152-ல் ஒரு கொக்கி இருக்கிறது. வேறு மாதிரி ஒப்பந்தம் போட்டுக்கொள்ளாதவரைதான் இந்தப் பாதுகாப்பு. எல்லாவற்றுக்கும் நானே பொறுப்பு என்று கையெழுத்துப் போட்டால் சட்டம் கொடுத்த குடையை நாமே மடக்கி வைத்த மாதிரி. 150-வது பிரிவும் நமக்கு உதவும். கொடுக்கும்போதே வண்டியில் இருந்த கோளாறால் நமக்கு நஷ்டம் வந்தால், "எனக்கே தெரியாதும்மா" என்று வாடகைக்கு விட்டவர் தப்பிக்க முடியாது.

அபராதத் தொகை பற்றி 74-வது பிரிவு இருக்கிறது. ஒப்பந்தத்தில் எவ்வளவு பெரிய தொகை எழுதியிருந்தாலும், நியாயமான இழப்பீடுதான் கேட்க முடியும். எழுதிய தொகை உச்ச வரம்பு மட்டுமே. டெல்லி வளர்ச்சி ஆணையம் ஏலம் எடுத்தவர் கட்டிய முன்பணத்தைப் பறிமுதல் செய்த வழக்கில், நஷ்டமே ஏற்படாதபோது அப்படிச் செய்தது செல்லாது என்று 2015-ல் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது.

வண்டி கைக்கு வரும் அன்று

சாவி வாங்கியதும் பூஜை போடுவோம், எலுமிச்சம்பழம் வைப்போம். அதற்கு முன்னால் செல்போனை எடுங்கள். நான்கு பக்கமும் படம். தொட்டித் தளம், நான்கு டயர், ஸ்டெப்னி, சீட், லைட்டுகள், கிலோமீட்டர் மீட்டர் ஒவ்வொன்றும் தனித்தனிப் படம். ஏற்கெனவே இருக்கும் கீறலைக் கிட்டப்போய் எடுங்கள். ஜாக்கி, ஸ்பேனர், தார்ப்பாய் இருக்கின்றனவா என்று எண்ணுங்கள். படங்களை அன்றைக்கே வண்டி உடையவருக்கும் நம் குழு வாட்ஸ்அப்பிலும் அனுப்பிவிட்டால் தேதி தானாகப் பதிந்துவிடும். எடுத்தவற்றை ஒரு தாளில் எழுதி இரண்டு தரப்பும் கையெழுத்துப் போட்டு ஆளுக்கு ஒரு பிரதி. புது வண்டி என்றாலும் இதைச் செய்யுங்கள். ஷோரூமிலிருந்து வரும் வழியில் விழுந்த கீறலுக்கும் நாம்தான் பதில் சொல்ல வேண்டியிருக்கும்.

நடுவில் விபத்து நடந்தால் உடனே இன்சூரன்ஸ் கம்பெனிக்குத் தெரிவித்து கிளெய்ம் செய்யச் சொல்லுங்கள். "அப்புறம் பாத்துக்கலாம்" என்று விட்ட அடிகள்தான் கடைசியில் மொத்தமாகச் சேர்ந்து பில்லாக வருகின்றன. தேர்ட் பார்ட்டி இன்சூரன்ஸ் மட்டும் இருந்தால் நம் வண்டிக்குப் பட்ட அடிக்கு ஒரு ரூபாயும் வராது. ஃபுல் இன்சூரன்ஸிலும் தேய்மானத்துக்குக் காசு கிடையாது. குத்தகை வண்டியைக் கையில் வைத்திருப்பவரைத்தான் மோட்டார் வாகனச் சட்டம் உரிமையாளராகக் கருதுகிறது. ஆகவே இன்சூரன்ஸ் தேதி தவறாமல் இருக்கிறதா என்று நாமே பார்க்க வேண்டும்.

திருப்பிக் கொடுப்பதற்கு இரண்டு மூன்று மாதம் முன்னாலேயே வண்டியைக் கழுவி, வெயிலில் நிறுத்தி, முதல் நாள் படங்களோடு ஒப்பிட்டுப் பாருங்கள். பிரிட்டன் கையேடும் 10 முதல் 12 வாரம் முன்பே பார்க்கச் சொல்கிறது. உடைந்த லைட்டை நாமே வாங்கி மாட்டினால் ஆகும் செலவுக்கும், அவர்கள் மாட்டிப் போடும் பில்லுக்கும் வித்தியாசம் நிறைய. ஆனால் ஒடுக்கு எடுக்கும் வேலையை மலிவாகச் செய்கிறேன் என்று அரைகுறையாகச் செய்துவிட்டால், அதை அவர்கள் மறுபடி செய்து நம் கணக்கிலேயே எழுதுவார்கள். ஒப்படைக்கும்போது நாம் பக்கத்தில் இருக்க வேண்டும். வீட்டுக்காரரையோ பையனையோ மட்டும் அனுப்பிவிட்டு, "அங்க கையெழுத்து வாங்கிட்டாங்க" என்று பிறகு வருத்தப்படுவதில் பயனில்லை.

வண்டி கூட்டமைப்பினுடையது என்றால்?

இங்கேதான் மனசு இரண்டு பக்கமும் இழுக்கும். "நம்ம புள்ளதானே, பாவம், விட்டுடுங்க" என்று ஒரு தலைவி சொல்வார். "சங்கத்துப் பணம், ஒரு ரூபாய் விட முடியாது" என்று பொருளாளர் சொல்வார். இரண்டு பேர் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. சமுதாய முதலீட்டு நிதி எல்லா உறுப்பினர்களுக்கும் சொந்தம். அதில் வாங்கிய வண்டி நசுங்கி வந்து யாரும் காசு கட்டாவிட்டால், அடுத்த சகோதரிக்குக் கொடுக்க வண்டி இருக்காது. அதற்காகத் தேய்மானத்தையும் சேதம் என்று எழுதி அட்வான்சைப் பிடித்துக்கொண்டால், நாமும் கம்பெனிக்காரர் மாதிரி ஆகிவிடுவோம். அதற்குப் பிறகு வண்டி எடுக்க யாரும் முன்வர மாட்டார்கள்.

எங்கள் யோசனை இது. வாடகையில் ஒரு பகுதியை மாதாமாதம் தனியாகப் பராமரிப்புக் கணக்கில் போடுங்கள். டயர், கிளட்ச், பேட்டரி அதிலிருந்து. மோதியது, தொலைத்தது உறுப்பினரிடமிருந்து. மூன்று மாதத்துக்கு ஒரு முறை கூட்டத்தன்று வண்டியை அலுவலக வாசலுக்குக் கொண்டுவரச் சொல்லி எல்லோர் முன்னிலையிலும் பார்த்துத் தீர்மானப் புத்தகத்தில் எழுதுங்கள். அப்போதைக்கப்போது எழுதினால் மூன்று வருஷத்துச் சந்தேகம் ஒரே நாளில் வெடிக்காது. சேதத் தொகையை முடிவு செய்யும் குழுவில் அந்த உறுப்பினரின் குழுவைச் சேராதவர்களும், வண்டி ஓட்டத் தெரிந்த ஒருவரும் இருக்கட்டும். தொகை பெரிதாக இருந்தால் தவணையில் கட்டலாம். ஆனால் அவருடைய சேமிப்பிலிருந்து கேட்காமல் பிடிக்கக் கூடாது. சேமிப்புக் கணக்கு வேறு, வண்டிக் கணக்கு வேறு.

பேச்சில் தீராவிட்டால்

முதலில் எழுத்து மூலம் கேளுங்கள். எந்தப் பொருளுக்கு எவ்வளவு, ஏன், ஒரிஜினல் பில் எங்கே என்று கேட்டு ஸ்பீடு போஸ்டில் கடிதம் போட்டு ரசீதை வைத்துக்கொள்ளுங்கள். பாதிக்கு மேல் பில்கள் இந்தக் கட்டத்திலேயே குறைந்துவிடும் என்று நாம் வாக்குக் கொடுக்க முடியாது. ஆனால் பதில் எழுத வேண்டிய வேலை அவர்களுக்கு வந்துவிடும், அதுவே ஒரு பிடி. தொகையில் எதை ஒத்துக்கொள்கிறீர்கள், எதை ஒத்துக்கொள்ளவில்லை என்றும் அதில் பிரித்து எழுதுங்கள். எல்லாவற்றையும் மறுத்தால் நம் பேச்சுக்கு மதிப்பு இருக்காது. "முழு அட்வான்சும் செட்டில் ஆகிவிட்டது" என்ற தாளில் பணம் வராமல் கையெழுத்துப் போட வேண்டாம்.

அடுத்தது இலவசச் சட்ட உதவி. 1987-ம் வருஷத்துச் சட்டப்பணிகள் ஆணைக்குழுச் சட்டத்தின் 12-வது பிரிவுப்படி, பெண்கள் எல்லோருக்கும் இலவச சட்ட உதவி உண்டு. வருமானச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். தாலுகா கோர்ட்டில் வட்ட சட்டப்பணிகள் குழுவும், மாவட்டக் கோர்ட்டில் மாவட்ட சட்டப்பணிகள் ஆணைக்குழுவும் இருக்கின்றன. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம். வழக்குப் போடாமலேயே இரண்டு தரப்பையும் கூப்பிட்டு லோக் அதாலத்தில் சமரசம் பேச வைக்க முடியும், அதற்குக் கோர்ட் கட்டணம் இல்லை. போகும்போது ஒப்பந்த நகல், முதல் நாள் தாள், படங்கள், வாடகை ரசீதுகள், சர்வீஸ் பில்கள், அவர்கள் கொடுத்த சேதப் பில் ஆகியவற்றை எடுத்துச் செல்லுங்கள். தனியாகப் போகத் தயக்கமாக இருந்தால் ஊக்குநரையோ பிரதிநிதியையோ கூட அழைத்துக்கொள்ளுங்கள்.